ஏழு ஷில்லிங் சாப்பாடு

பதினெட்டு பவுன். கழுத்தில் போடுகிற பவுன் இல்லை. இங்கிலாந்துக்காரர்களின் பணம். தன்னம்பிக்கை என்கிற சரக்கைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்று நம்பி, ஓர் இந்திய மாணவர் லண்டனில் செலவழித்த தொகை அது. சரக்கு கிடைக்கவில்லை. காசு போனது போனதுதான்.

அதே மாணவர் ஒருநாள் பாரிஸுக்குக் கிளம்பினார். தன்னந்தனியாக. கையில் ஒரு மேப். ஏழு நாள் ஊர் சுற்றினார். பெரும்பாலும் நடராஜா சர்வீஸ்தான். அந்த ஏழு நாளில் அவருக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மாணவரின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

‘அட, காந்தி கதைதானே, பாடப் புத்தகத்திலேயே படித்தாச்சே’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தவர் கைத்தடியோடு வருகிற காந்தி. இவர் டாப் ஹாட் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று டை கட்டப் பழகுகிற காந்தி. நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் கை, கால் உதறும் ஆசாமி.

இவரைப் பற்றி இப்போது எதற்கு?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தி.நகர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். பெட்டிக் கடையில் ஒரு குடும்பமே நின்றுகொண்டிருக்கும். எத்தனை கிலோ தாங்கும், சக்கரம் உடையாமல் இருக்குமா என்று அப்பா விசாரித்துக்கொண்டிருப்பார். அம்மா மயிலாப்பூர் மாட வீதியில் அப்பளம், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் முடித்துவிட்டு வந்திருப்பார். அடையாறில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெர்சனாலிட்டி டெவலப்மென்ட் கோர்ஸ். பையனோ பெண்ணோ மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறது. நல்ல விஷயம்தான். கடைசியில் மீனம்பாக்கத்தில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, கண்ணைத் துடைத்தபடி அம்மா சொல்கிற வாக்கியம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

‘தனியா எங்கேயும் சுத்தாதே கண்ணா. எங்க போனாலும் நாலு பேரோட போ.’

அந்த வாக்கியம் சரிதானா என்று பார்ப்பதற்குத்தான் காந்தி.

*

1888-ம் வருஷம் செப்டம்பர் 4-ம் தேதி மோகன்தாஸ் பம்பாயில் கப்பல் ஏறினார். பத்தொன்பது வயது நிரம்ப இன்னும் ஒரு மாசம் பாக்கி. ஊரில் மனைவி, கைக்குழந்தை. அம்மாவிடம் மூன்று சத்தியம் செய்துகொடுத்திருந்தார். மாமிசம், மது, மாது மூன்றையும் தொடமாட்டேன் என்று. அப்புறம்தான் அம்மா சம்மதித்தார்.

கப்பலில் அவர் பட்ட பாட்டை அவரே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். இங்கிலீஷில் யாராவது பேசினால் புரியாது. புரிந்தாலும் பதில் வராது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் முதலில் கட்டிப் பார்க்க வேண்டும். முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சம். என்ன செய்தார்? சாப்பாட்டு மேஜைப் பக்கமே போகவில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த இனிப்பையும் பழங்களையும் கேபினிலேயே உட்கார்ந்து தின்று தீர்த்தார். பருப்புப் பொடிக்கு முன்னோடி!

கூட வந்த ஜூனாகத் வக்கீல் மஜூம்தார், ‘வக்கீலுக்குப் படிக்கப் போகிறவன் நாக்கு நீளமாக இருக்க வேண்டாமா? தப்போ சரியோ, பேசு’ என்கிற ரீதியில் சொல்லிப் பார்த்தார். ம்ஹூம்.

லண்டனில் இன்னும் மோசம். ராத்திரியானால் அம்மா ஞாபகம். அழுகை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க வெட்கம். வயிறு நிறையவில்லை என்பதைச் சொல்ல முடியாமல் ஒரு மனுஷன் பட்டினி கிடக்கிறான் என்றால், அந்தக் கூச்சம் எந்த அளவுக்கு இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். ‘நான் ஒரு இங்கிலீஷ் ஜென்டில்மேனாக ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.’

நான் பி.காம். படித்தவன். கதையைவிடக் கணக்கு எனக்குச் சீக்கிரம் புரியும். காந்தியும் கணக்குப் பிரியர் என்பதால் தொகைகளை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூட்டிப் பார்ப்போம். அன்றைய இங்கிலாந்தில் ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்.

டாப் ஹாட், 19 ஷில்லிங். பாண்ட் ஸ்ட்ரீட்டில் தைத்த மாலை நேர சூட், 10 பவுன். நடன வகுப்பு, 3 பவுன். மேற்கத்திய சங்கீதத்துக்குக் காது பழகுவதற்காக வாங்கிய வயலின், 3 பவுன். மேடைப் பேச்சு சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்கு முன்பணம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங்.

மொத்தம் சரியாக 18 பவுன். வயலின் வாத்தியாருக்குக் கொடுத்த சம்பளம் தனி.

இதே காந்தி, பிறகு சிக்கனத்துக்கு மாறியபோது, ஒற்றை அறையில் ஒரு ஸ்டவ்வை வைத்துக்கொண்டு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, ஒரு நாளை ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் ஓட்டியிருக்கிறார். அந்தக் கணக்கில் 18 பவுன் என்பது 288 நாள் பிழைப்பு. முக்கால் வருஷத்துக்கு மேல்!

பலன்? நடன வகுப்பில் மூன்று வாரத்தில் ஏறக்குறைய ஆறு பாடம். பியானோ ஒரு பக்கம் போகும், இவர் கால் ஒரு பக்கம் போகும். வயலின் அதைவிடச் சோகம். மூன்று மாதம் போல இந்த வேடம் நீடித்தது. பிறகு பேச்சு வாத்தியாருக்கு இனி வரமாட்டேன் என்று கடிதம். நடன வாத்தியாருக்கும் அப்படியே. வயலின் சொல்லிக்கொடுத்த அம்மாளை நேரில் பார்த்து, வந்த விலைக்கு விற்றுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இங்கிலாந்திலேயே காலம் முழுக்கவா இருக்கப்போகிறோம், மாணவன் மாணவனாக இருப்போம் என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

பெர்சனாலிட்டி டெவலப்மென்ட் கோர்ஸ் அத்தோடு முடிந்தது.

*

கடையில் கிடைக்காத சரக்கு எங்கே கிடைத்தது? தெருவில்.

வயிற்றுப் பசிதான் அவரைத் தெருவுக்குத் தள்ளியது. லண்டனில் சைவ உணவு விடுதிகள் உண்டு என்று வீட்டுக்கார அம்மாள் ஒருநாள் சொன்னார். எங்கே என்று அந்த அம்மாளுக்கும் தெரியாது. மோகன்தாஸ் தேட ஆரம்பித்தார். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மைல் நடை. அப்படி அலைந்து ஒருநாள் ஃபாரிங்டன் ஸ்ட்ரீட்டில் ஒரு விடுதியைக் கண்டுபிடித்தார். குழந்தைக்கு ஆசைப்பட்ட பொம்மை கிடைத்த மாதிரி இருந்ததாம். கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஷில்லிங்குக்குப் புத்தகம். சைவ உணவை ஆதரித்து ஹென்றி சால்ட் எழுதியது. வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்த பிறகு முதல் முறையாக வயிறார ஒரு சாப்பாடு.

கவனியுங்கள். சாப்பாட்டைத் தேடிப் போனவருக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. புத்தகம் அவரைச் சைவ உணவுக்காரர்களின் சங்கத்தில் கொண்டுபோய்விட்டது. அந்தச் சங்கத்தில் நண்பர்கள் கிடைத்தார்கள். பாண்ட் ஸ்ட்ரீட் சூட் கொண்டுவராத மனிதர்களைக் கால் கொண்டுவந்தது.

இப்படிக் கால் பழகிய மனுஷனின் காதில்தான் பாரிஸ் பற்றிய சேதி விழுந்தது.

பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டிப் பாரிஸில் மாபெரும் கண்காட்சி. 1889 மே மாதம் தொடங்கி இலையுதிர் காலம் வரை நடந்தது. மூன்று கோடிக்கும் அதிகமானவர்கள் வந்து பார்த்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, ஈஃபில் டவர். அந்தக் கண்காட்சிக்காகவே கட்டியது. முழுக்க இரும்பு. ஏறக்குறைய ஆயிரம் அடி உயரம். 1930-ல் நியூயார்க்கில் கிரைஸ்லர் கட்டடம் எழும்பும் வரை, மனிதன் கட்டியதில் உலகத்திலேயே அதுதான் உயரம்.

சத்திய சோதனையில் காந்தி இதை 1890 என்று எழுதியிருக்கிறார். கண்காட்சி நடந்தது என்னவோ 1889-ல். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதும்போது ஒரு வருஷம் முன்னே பின்னே ஆவது சகஜம்தான். நாம் 1889 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவருக்கு வயது இருபதை ஒட்டி.

அந்த நாளில் லண்டனிலிருந்து பாரிஸுக்குப் போவதென்றால் கடற்கரை வரை ரயில். பிறகு கால்வாயைத் தாண்டக் கப்பல். மறுபடி ரயில். இறங்கினால் வேறு தேசம், வேறு பாஷை, வேறு நாணயம். அவருடைய பிரெஞ்சு லட்சணம் என்ன? இங்கிலாந்திலேயே பிரைட்டன் என்கிற கடற்கரை ஊரில், ஹோட்டல் மெனு பிரெஞ்சில் இருந்ததால் ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். எதிரே இருந்த ஒரு வயதான பெண்மணி உதவி செய்ததால் சாப்பிட்டார். இந்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு பாரிஸ்!

எப்படிச் சமாளித்தார் என்பதில்தான் விஷயம். பாரிஸில் ஒரு சைவ விடுதி இருப்பதாக முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தார். அங்கேயே அறை எடுத்துக்கொண்டார். ஆக, சாப்பாட்டுப் பிரச்னை தீர்ந்தது. பாரிஸ் மேப் ஒன்று. கண்காட்சிக்கான மேப்பும் கைடு புத்தகமும். இவை போதும், முக்கியமான இடங்களையெல்லாம் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். போக்குவரத்து, ஊர் சுற்றல் எல்லாமே சிக்கனமாக. ஏழு நாள்.

கப்பலில், எதில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சப்பட்டு இனிப்பைத் தின்று உயிர் வாழ்ந்த பையனா இவன்? அதற்கும் இதற்கும் இடையில் அதிகம் போனால் ஒரு வருஷம்தான்.

தனியாக ஊர் சுற்றும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து எல்லாம் உங்கள் தலையில். இடது பக்கம் போவதா, வலது பக்கம் போவதா? இந்தக் கடையில் சாப்பிடலாமா? இவ்வளவு விலை கொடுக்கலாமா? யாரைக் கேட்பது? ஒரு நாளைக்கு நூறு சின்னச் சின்ன முடிவுகள். தப்பானால் கேலி செய்யப் பக்கத்தில் ஆள் இல்லை. கூச்ச சுபாவிக்கு இது பெரிய விடுதலை. அவனுக்கு உலகத்தைக் கண்டு பயம் கிடையாது. தெரிந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுதான் பயம். தெரியாத ஊரில் வழி தப்பினால் திரும்பி நடக்க வேண்டியது, அவ்வளவுதான். சாயங்காலம் அறைக்குத் திரும்பி வந்து காலை நீட்டிப் படுக்கும்போது மனசில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். ‘இன்றைக்குச் சமாளித்தேன்.’ ஏழு நாளில் ஏழு வரி.

இன்னொன்றும் உண்டு. தனியாகப் போகிறவன் சொந்தமாக யோசிக்கிறான். நாலு பேரோடு போனால், அந்த நாலு பேரின் ‘சூப்பர்’தான் நம்முடைய ‘சூப்பர்’.

காந்திக்கு என்ன ஞாபகம் இருந்தது பாருங்கள். அத்தனை பிரம்மாண்டமான கண்காட்சியில், அது பெரியது, விதவிதமான சாமான்கள் இருந்தன என்பதைத் தவிர எதுவும் நினைவில் இல்லை என்கிறார். பிடித்துப்போனது பாரிஸின் பழைய தேவாலயங்கள். நோத்ருதாம் ஆலயத்தின் உள்ளே இருந்த சிற்ப வேலையும் அமைதியும். கன்னி மேரி சிலைக்கு முன்னால் மண்டியிட்டுக் கிடந்தவர்களைப் பார்த்தார். இது வெறும் மூட நம்பிக்கையாக இருக்க முடியாது, இவர்கள் கல்லைக் கும்பிடவில்லை, கல்லுக்குப் பின்னால் இருக்கிற ஒன்றைக் கும்பிடுகிறார்கள் என்று தோன்றியது. வைஷ்ணவ வீட்டுப் பிள்ளை. இங்கே நின்று இப்படித்தான் நினைக்க வேண்டும் என்று சொல்ல அவருக்கு அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவரே பார்த்தார், அவரே முடிவுக்கு வந்தார்.

ஈஃபில் டவரில் இரண்டு மூன்று முறை ஏறினார். டால்ஸ்டாய் அந்தக் கோபுரத்தை மனிதனின் முட்டாள்தனத்துக்கு அடையாளம் என்று திட்டியவர். பிற்காலத்தில் காந்தியும் அந்தக் கட்சிக்குப் போய்விட்டார். அதில் கலை எதுவும் இல்லை, கண்காட்சியின் பொம்மை அது, நாமெல்லாம் பொம்மைக்கு மயங்கும் குழந்தைகள் என்கிறார்.

குழந்தை என்று சொன்னதற்கு ஆதாரமும் தருகிறார். கோபுரத்தின் முதல் தட்டில் ரெஸ்டாரன்ட் இருந்தது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன் என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ள வேண்டுமே! அந்த ஒரே காரணத்துக்காக ஏழு ஷில்லிங்கைத் தூக்கி எறிந்தேன் என்று எழுதுகிறார்.

ஏழு ஷில்லிங் என்பது 84 பென்ஸ். ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் கணக்கில் பார்த்தால் ஐந்தரை நாளுக்கும் மேல் வயிற்றுப்பாடு. கோபுரத்தின் உச்சி வரை போக, சாதாரண நாளில் டிக்கெட் ஐந்து பிராங்க். அன்றைய மதிப்பில் நாலு ஷில்லிங். ஆக, டிக்கெட்டைப் போல ஒன்றே முக்கால் மடங்கு ஒரு சாப்பாட்டுக்கு! காந்தியின் பேரேட்டில் இது ‘வீண் செலவு’ என்கிற தலைப்பில் ஏறிவிட்டது.

இந்த இடத்தில் மட்டும் எனக்கு அவரோடு கொஞ்சம் தகராறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ‘சரி சார், பாரிஸ் போய் வந்ததும் மனுஷர் வெளுத்து வாங்க ஆரம்பித்துவிட்டாரா?’

இல்லை. அதுதான் வேடிக்கை.

சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். கூட்டத்துக்குத் தவறாமல் போவார். பேச மாட்டார். ஒரு முறை முக்கியமான விவகாரம். கருத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனார். படிக்க வரவில்லை. வேறொருவர் படித்தார். 1891 ஜூன் மாதம் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். ஊருக்குக் கிளம்பும் முன் ஹால்பர்ன் ரெஸ்டாரன்ட்டில் நண்பர்களுக்கு விருந்து. நகைச்சுவையாக ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தார். எழுந்தார். முதல் வாக்கியத்தோடு எல்லாம் மறந்துவிட்டது. வந்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பம்பாயில் முதல் வழக்கு. முப்பது ரூபாய் ஃபீஸ். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார், தலை சுற்றியது. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பாரிஸ் அவருடைய நாக்கைச் சரி செய்யவில்லை. அது சரி செய்தது வேறொன்றை.

1893. வழக்கு விஷயமாகத் தென்னாப்பிரிக்கா. மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்பு டிக்கெட்டோடு இருந்தவரை இறக்கிவிட்ட கதை உங்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்கக் குளிரில் நடுங்கிக்கொண்டு வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருந்தார். இந்தியாவுக்கே திரும்பிவிடலாமா என்றும் யோசித்தார். ஆனால் மறுநாள் மாலை ரயிலில் ஏறி, போக வேண்டிய பிரிட்டோரியாவை நோக்கித்தான் போனார். வழியில் கோச் வண்டியில் அடி. அப்புறமும் போனார். தெரியாத தேசம். கூட ஆள் கிடையாது.

ஒரு மனுஷன் அந்த ராத்திரியில் எதை நம்பி ‘போகலாம்’ என்று முடிவெடுக்கிறான்? லட்சியம், தன்மானம் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு அடியில் இன்னும் எளிமையான ஒன்று இருக்க வேண்டும். தெரியாத ஊரில் தனியாகச் சமாளித்த பழக்கம். இதைக் காந்தி சொல்லவில்லை. பாரிஸ்தான் காந்தியை உருவாக்கியது என்று நான் எழுதினால் சரித்திரப் பேராசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் லண்டனில் கற்றுக்கொண்டவற்றில் அந்த ராத்திரி அவருக்கு உதவியது எது? நடனமா, வயலினா?

இன்னொரு சுவாரசியம். பொதுவில் தன் முதல் பேச்சு என்று அவர் குறிப்பிடுவது எது தெரியுமா? அந்தப் பிரிட்டோரியாவில், போய்ச் சேர்ந்த சில நாளில் அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டி வைத்துப் பேசியது. ஹால்பர்ன் ரெஸ்டாரன்ட்டில் நண்பர்களுக்கு முன்னால் வராத பேச்சு, முன்பின் தெரியாத ஊரில் வந்துவிட்டது.

அடுத்த காட்சி நம்ம ஊர்.

1896 செப்டம்பர் 26. பம்பாயில் கூட்டம். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் கஷ்டங்களைச் சொல்ல காந்தி எழுந்தார். குரல் எழும்பவில்லை. அச்சடித்து வைத்திருந்த உரையை தின்ஷா வாச்சா வாங்கி, படித்து முடித்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26. சென்னை, பச்சையப்பன் மண்டபம். இங்கேயும் அச்சடித்த உரைதான். அவர் வழக்கத்துக்கு மிக நீளமான உரை. ஒவ்வொரு வார்த்தையையும் சென்னை கவனித்துக் கேட்டதாக எழுதுகிறார். பாலசுந்தரம் என்கிற தமிழ்த் தொழிலாளி, முதலாளி அடித்ததில் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு டர்பனில் தன் முன்னால் வந்து நின்ற கதையைக் கேட்டுக் கூட்டம் கலங்கிவிட்டது. முடிந்ததும் பச்சை அட்டைப் பிரசுரத்துக்கு அடிதடி. பத்தாயிரம் பிரதி மறுபதிப்புப் போட வேண்டியிருந்தது.

தமிழ் தெரியாது. தங்கியது ஹோட்டலில். சொந்தக்காரர் யாரும் கிடையாது. பாரிஸ் மாதிரியே இதுவும் ஒரு வேற்றூர்தான் அவருக்கு. சமாளிக்கத் தெரிந்துவிட்டது.

அந்த வேற்றூர் பிறகு சொந்த ஊர் மாதிரி ஆனது. மயிலாப்பூர்க்காரர்கள் கதீட்ரல் ரோடு வழியாகப் போகும்போது நினைத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் சோழா ஹோட்டல் எழுந்த இடத்தில் இருந்த வீட்டில், ராஜாஜியின் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோதுதான், 1919-ல், ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்கக் கடையடைப்பு என்கிற யோசனை அவருக்கு அரைத் தூக்கத்தில் உதித்தது.

*

‘காந்தி மகாத்மா சார், நம்ம பிள்ளைகள் சாதாரணம்’ என்பீர்கள். சரி, நம்ம பக்கத்து ஆளையே சொல்கிறேன்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர் ஏ.கே. செட்டியார். 1930-களில் போட்டோகிராபி படிக்க முதலில் டோக்கியோ போனார், பிறகு நியூயார்க் போனார். படித்த நேரம் போகத் தனியாக ஊர் ஊராகப் போவதும், பார்த்ததை எழுதுவதும்தான் வேலை. தமிழில் பயணக் கட்டுரை என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையது. படிப்பு முடிந்து, 1937 அக்டோபர் 2-ம் தேதி நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். காந்தி ஜெயந்தி. ஆளில்லாத கடல். காந்தியைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுத்தால் என்ன என்று தோன்றியது.

வயது இருபதுகளின் நடுவில். பின்னால் பெரிய கம்பெனி கிடையாது. அப்போது பிரிட்டிஷ் ஆட்சி. காந்தி எப்போதோ எங்கேயோ நடந்துபோனதை யார் யாரோ படம் பிடித்திருந்தார்கள். அந்தத் துண்டு ஃபிலிம்களைத் தேடி ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று சுற்றினார். 1940-ல் படம் சென்னையில் வெளியானது. பிறகு இதே சென்னையில் ‘குமரி மலர்’ என்கிற பத்திரிகையைப் பல வருஷம் நடத்தினார்.

முகம் தெரியாத ஊரில் இறங்கி, முகம் தெரியாதவர்களின் கதவைத் தட்டி, ‘உங்களிடம் காந்தி ஃபிலிம் இருக்கிறதாமே’ என்று கேட்கிற துணிச்சலை எந்த போட்டோகிராபி காலேஜும் சொல்லித்தந்திருக்க முடியாது. அது தெருப் படிப்பு.

அம்மாக்களின் பயம் நியாயமானதுதான். உலகம் அப்படி ஒன்றும் நல்லதாகிவிடவில்லை. பெண் பிள்ளை என்றால் கவலை இரண்டு மடங்கு. ஆனால் காந்தியும் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு செலவு, எப்படித் திரும்புவது என்பதை விசாரித்து வைத்துக்கொண்டுதான் போனார். கையில் மேப் இருந்தது. இன்றைக்கு எல்லோர் கையிலும் மேப் இருக்கிறது, பேசவும் செய்கிறது. நடக்கத்தான் ஆள் வேண்டும்.

ஆகவே மீனம்பாக்கத்தில் சொல்கிற வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். ‘போய்ச் சேர்ந்ததும் கொஞ்ச நாள் ஊரைப் பழகிக்கோ. அப்புறம் ஒரு லீவு நாள்ல தனியா ஒரு ஊருக்குப் போயிட்டு வா. எங்க தங்கறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.’ சொல்லும்போது தொண்டை அடைக்கும். பரவாயில்லை.

அப்புறம் அந்த ஏழு ஷில்லிங். காந்தியோடு எனக்குள்ள தகராறைச் சொல்லிவிடுகிறேன். 18 பவுனை வீண் என்று அவர் எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஏழு ஷில்லிங்கை மட்டும் அந்தத் தலைப்பில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. கப்பலில் சாப்பாட்டு மேஜைக்கு வரப் பயந்து கேபினில் ஒளிந்திருந்த பையன், ஒரு வருஷத்துக்குள் பாஷை தெரியாத தேசத்தில், உலகத்திலேயே உயரமான கட்டடத்தின் மேல், தானாகப் போய் ஒரு மேஜையில் உட்கார்ந்து, சாப்பாடு கொண்டுவரச் சொல்லி, சாப்பிட்டு, காசும் கொடுத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறான்.

ஏழு ஷில்லிங் ரொம்ப சல்லிசு.